சுவரில் ஆணி கூடாது

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டி வலி தேவலையா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

புதிய வாடகைச் சட்டம் வருகிறதென்று, தவளக்குப்பம் வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கு நீங்கள் கறாரான ஒப்பந்தம் எழுதிக் கொடுத்ததாகத் தம்பி சொன்னான்.

இங்கே புனேயிலும் அப்படித்தான். நேற்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டி, சுவரில் ஆணி கூடாதென்று அம்மா படத்தைக் கழற்றவைத்தார். பெரிய சண்டையெல்லாம் இல்லை. அம்மா இப்போது அரிசி டப்பாமேல் சாய்ந்திருக்கிறாள். படத்துக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி அனுப்புங்கள்.

நம் வீட்டில் குடியிருக்கும் ராஜாமணியக்கா, கடலில் இறந்த கணவர் படத்தை மாட்ட ஆணி அடிக்கக் கேட்டபோது, "செவுரு வீணாப் பூடும்மா" என்றீர்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. நம் சுத்தியலை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அப்பா.

உங்கள் மகள்
அருள்மொழி