தானாக நிரம்பும் குளம்

வடிவுடையம்மன் துணை

காலடிப்பேட்டை
8-6-2004

மஸ்கட்டில் இருக்கும் மதிக்கு உன் பெரியம்மா எழுதிக்கொள்வது. உன்னையும் மருமகளையும் குழந்தை அம்முவையும் அம்மன் கண் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. உன் பெரியப்பாவுக்கு முட்டி வலி. எனக்குக் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தினது உன் பெரியப்பா காதைத் தாண்டி எனக்கும் கேட்டது. "அது எதுவும் தெரியாத பட்டிக்காடு, என் பெட்டில அத யாரு கை வெக்கச் சொன்னது" என்றாய். அவர் ரிசீவரை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. போனில் நீ பேசுவாய், நான் ம் கொட்ட வேண்டும், பாதியில் லைன் போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரைக்கும் படி. பாதியில் மடித்து வைத்தாயானால் மருமகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

முதலில் ஒன்று. நான் எந்த ஒயரையும் அறுக்கவில்லை. உன் தோஸ்து ஷாகுல் ஹமீது கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தது உண்மை. கொல்லையில் நீ கட்டின நீச்சல் குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீரைச் சுற்றிவிடும் மோட்டார் கருகிக் கிடந்தது. உன் பெட்டியில் மட்டும் குளம் நிறைந்திருக்கிறது என்று பச்சை பல்பு எரிந்துகொண்டிருந்தது. "இன்னாம்மா இது, காலித் தொட்டிக்குப் பச்சை எரியுது" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அது என் வேலைதான். ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

போன கார்த்திகையில் லீவில் வந்தபோது ஒரு மாசமும் கொல்லையிலேயே கிடந்தாய். மருமகள் சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் போகவில்லை. அங்கே பெரிய மனிதர்கள் பங்களாவில் பூல் பார்த்துக்கொள்கிற வேலை, அதே மாதிரி என் வீட்டில் என் கையாலேயே செய்வேன் என்று நின்றாய். பழைய வாஷிங் மெஷினில் இருந்த டைமரைக் கழற்றினாய். கக்கூஸ் தொட்டியில் மிதக்கிற பந்தைக் கொண்டுவந்து குளத்து மூலையில் கட்டினாய். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபில் மருந்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வைத்தாய். எல்லாம் சேர்ந்து அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் போயிற்று. தண்ணீர் குறைந்தால் பந்து கீழே இறங்கும், பெட்டி டக் என்று சத்தம் போடும், போர் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் பந்து ஏறும், தானாக நின்றுவிடும். "பெரிம்மா, நீ கையக் கட்டிக்கினு குந்திக்கினா போதும், அது பாத்துக்கும்" என்றாய். எனக்கும் பெருமைதான். கற்பூரம் காட்டிப் பெட்டிக்குக் குங்குமம் வைத்தது யார்? உன் பெரியப்பா நோண்டுவார் என்று நீ பெட்டியைப் பூட்டிச் சாவியை மஸ்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாய். அது ஒன்றுதான் எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. வீட்டில் இருக்கிறவர்களிடம் இல்லாத சாவி என்ன சாவி.

குழந்தை அந்தக் குளத்தில் இறங்கினது எத்தனை தடவை? ரெண்டே தடவை. அப்புறம் நீங்கள் எல்லாரும் பிளேன் ஏறிவிட்டீர்கள். குளம் மட்டும் தினமும் குளித்து முழுகிச் சுத்தமாக இருந்தது.

இந்த வருஷம் இங்கே தண்ணீர் இல்லை மதி. டிவியில் பார்த்திருப்பாய். அதில் காட்டுவது கொஞ்சம். லாரி ஒரு நாள் வரும், ரெண்டு நாள் வராது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் பெண்கள் சமைக்கவே போகிறார்கள். குடம் நகர்ந்துவிட்டது என்று ஹில்டா டீச்சர்கூட நடுத்தெருவில் சண்டை போட்டாள். நம் மதிலுக்கு வெளியே இருக்கிற அடிபம்பு ஒன்றில்தான் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர். மற்றதெல்லாம் கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு.

இப்படித் தெரு காய்ந்து கிடக்கும்போது என் கொல்லையில் நீலமாகத் தண்ணீர் ததும்பிக்கொண்டு நின்றால் எனக்குச் சோறு இறங்குமா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அம்மனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அதனால் சித்திரை பிறந்த உடனே கொல்லைக் கதவைத் திறந்துவிட்டேன். மருந்து வாசனை அடிக்கும், குடிக்காதீர்கள், துணிக்கும் பாத்திரத்துக்கும் குளிக்கவும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உன் பெரியப்பா "புள்ளைய ஒரு வார்த்த கேளு" என்றார். நான் கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்க யாரைக் கேட்பது?

எல்லாரும் வந்தார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மா முதல் குடம் எடுத்தாள். "உங்க புள்ள நல்லா இருக்கணும்க்கா" என்று எல்லார் வாயிலும் உன் பேர். அதிசயம் என்னவென்றால், காலையில் அத்தனை பேர் எடுத்தும் சாயந்திரம் பார்த்தால் குளம் பழையபடி நிறைந்திருக்கும். "இன்னாக்கா, உங்க தொட்டிக்கு அடியில கடலு கீதா" என்று கன்னியம்மா கிண்டல் செய்வாள். கொடுக்கக் கொடுக்கக் குறையவில்லை, இது அம்மன் அருளும் என் பிள்ளை மூளையும் என்று நான் தெருவெல்லாம் சொன்னேன். குளத்தங்கரையில் அகல்விளக்குகூட ஏற்றினேன். இதை எழுதும்போது எனக்கு உடம்பு எரிகிறது.

இங்கே நிறுத்தினேன். லாரி வந்துவிட்டது. ரெண்டு குடம் கிடைத்தது. மிச்சத்தை எழுதுகிறேன்.

வைகாசி பிறந்ததும் அடிபம்பு இருமத் தொடங்கியது. மத்தியானத்தில் அடித்தால் வெறும் காற்று. அப்புறம் வந்த தண்ணீரும் உப்பு. கன்னியம்மா வீட்டில் டீ போட்டால் பால் திரிந்தது. அவள் மருமகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள், அந்தப் பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்க நல்ல தண்ணீர் இல்லை. கடல் உள்ளே வந்துவிட்டது என்றான் ஒருத்தன். பெரிய போர் போட்டுக் கம்பெனிக்காரன் உறிஞ்சிவிட்டான் என்றான் இன்னொருத்தன். நானும் அவர்களோடு சேர்ந்து கம்பெனிக்காரனுக்குச் சாபம் விட்டேன்.

ஒரு மத்தியானம் நானே பம்பு அடித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா பக்கத்தில் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. மதிலுக்கு உள்ளே டக் என்று கேட்டது. மோட்டார் உறுமியது. என் கையில் இருந்த பிடி லேசாகிவிட்டது மதி. தண்ணீர் அப்படியே நின்றுபோய்விட்டது. நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன், காற்று வருகிறது. ரொம்ப நேரம் கழித்து உள்ளே டக் என்று நின்றது. அதற்கப்புறம்தான் பம்பில் மறுபடி சொட்டு வந்தது. நானும் அவளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். உனக்கு நான் விளக்க வேண்டாம். ஒரே பூமி, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டை, இந்தப் பக்கம் ஒரு ஓட்டை. காலையில் நான் புண்ணியம் என்று ஒவ்வொரு குடமாக எடுத்துக் கொடுக்க, மத்தியானம் உன் பெட்டி அத்தனையையும் அவர்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்தே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் எவ்வளவு அதிகம் கொடுத்தேனோ அவ்வளவு அதிகம் அது உறிஞ்சியது.

கன்னியம்மா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். காலையில் எடுத்துப் போன குடத்தை அப்படியே தூக்கிவந்து நம் வாசலில் வைத்தாள். "உங்க தண்ணிய நீங்களே வெச்சுக்கங்கக்கா. குடுக்கற மாதிரி குடுத்து எங்க பம்பாண்டயே எடுத்துக்கினு கீறீங்க. நாங்க வேற உங்க புள்ளைய வாழ்த்திக்கினு இருந்தோம்" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், தீர்ந்துபோயிருக்கும். சாயந்திரத்துக்குள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து தண்ணீரோடு குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். வாசலில் கோலம் போட இடம் இல்லை. இந்தத் தண்ணீர் பஞ்சத்தில் நிறைகுடத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால் எவ்வளவு மனசு வெந்திருக்கும், யோசித்துப் பார்.

பெட்டியை நிறுத்துங்கள் என்று உன் பெரியப்பாவிடம் கெஞ்சினேன். ப்யூஸ் இருப்பது பெட்டிக்குள், பெட்டிக்குப் பூட்டு, சாவி உன்னிடம். பூட்டை உடையுங்கள் என்றேன். "புள்ள ஆசையா செஞ்சத நா ஒடைக்க மாட்டேன்" என்று திண்ணமாகச் சொல்லிவிட்டு முட்டிக்குத் தைலம் தேய்க்கப் போய்விட்டார். நாற்பது வருஷம் ஹார்பரில் கிரேன் ஓட்டின மனிதர், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குப் பயப்படுகிறார்.

நான் பட்டிக்காடுதான். ஆனால் நீ சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட பட்டிக்காடு. பந்து மேலே இருந்தால் குளம் நிறைந்தது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும் என்று நீதானே சொன்னாய்? பழைய புடவைக் கரையைக் கிழித்துப் பந்தை ஏணிக் கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். பச்சை பல்பு எரிந்தது. அப்புறம் ஹில்டா டீச்சரை விட்டு எல்லாரையும் கூப்பிட்டு, இனிமேல் இது நிரம்பாது, உங்கள் தண்ணீர்தான், கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். குடங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். காலையில் டைமர் அதன்பாட்டுக்குத் தண்ணீரைச் சுற்றிவிடும் மோட்டாரை ஓட்டும் என்பதும், தண்ணீர் இல்லாமல் அது கருகும் என்பதும் எனக்குத் தெரியாது. அதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மற்றதற்குத் திட்டாதே.

ஷாகுல் வந்து கட்டை அவிழ்த்து, புது மோட்டார் போட்டு, போரை இன்னும் ஆழமாக இறக்குவான், டிசம்பரில் குழந்தை வரும்போது குளம் நிறைந்திருக்க வேண்டும் என்று நீ சொன்னாயாம். நான் ஷாகுலிடம் சொல்லிவிட்டேன், என் புடவைக் கரையை எவன் அவிழ்த்தாலும் அவன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன் என்று. அவன் "எனக்கு ஏம்மா இந்த பேஜாரு" என்று போய்விட்டான். வீடு உன் வீடு. நீ கட்டினது. எங்களைக் கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுவோம், மீஞ்சூரில் உன் பெரியப்பா பங்காளி வீடு இருக்கிறது. ஆனால் நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பந்து இறங்காது.

ஒரு வாரமாகப் பம்பில் மத்தியானத்திலும் தண்ணீர் வருகிறது. உப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. மழை பெய்தால் போகும் என்கிறார்கள். அம்மனிடம் தினமும் அதைத்தான் கேட்கிறேன்.

எல்லாரும் என்னோடு பேசுகிறார்கள், கன்னியம்மா தவிர. அவள் மட்டும் குடத்தை எடுத்துப் போகவில்லை. நான் எதிரே போனால் பிள்ளைத் துணியை உலர்த்துகிற மாதிரி திரும்பிக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீ வாய் வைத்துக் குடித்தது அவள் குடத்தில்தான், எச்சில் பண்ணிட்டியா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் குடம் இன்னும் நம் வாசலில் இருக்கிறது. நீலக் குடம், கழுத்தில் கீறல். அதில் இருக்கிற தண்ணீரைக் கொட்டவும் எனக்கு மனசு வரவில்லை, எடுத்துப் புழங்கவும் வரவில்லை. தூசி விழாமல் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டாள். தெரியும்.

மதி, சாவியை அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. டிசம்பர் வரைக்கும் காத்திருக்காமல் எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது வா. உன் கையால் செய்த பெட்டியை உன் கையால் கழற்று. அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போ. என்ன பேசுவது என்று யோசிக்காதே, அவள் திட்டுவாள், நின்று கேட்டுக்கொள். அம்முவையும் அழைத்து வா. குளம் இல்லை என்று குழந்தை அழுதால் அடிபம்பில் நானே அடித்துத் தலையில் ஊற்றுகிறேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது எனக்கு.

நீயும் உன் குடும்பமும் நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். தெருவில் நாலு பேர் வாயிலிருந்து அந்த வாழ்த்து மறுபடியும் வர வேண்டும். அதுவரைக்கும் நான் ஒருத்தி வாழ்த்துகிறேன், போதாதுதான்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத
பெரியம்மா