மணிக்குப் பத்து தரம்

என் வீட்டு மகாராணிக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? நானும் சுகம்தான், ஒரு விரலைத் தவிர. கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்குன்னு சிரிக்காதே, இடது கையால எழுதறேன். பட்டறையில தகடு கிழிச்சு, வலது ஆள்காட்டி விரலை மடக்குற தசைநாண் அறுந்துடுச்சு. டாக்டர் தைச்சுட்டார். நான் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி அசைக்காம வச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கிற அக்கா பிடி பிடின்னு பிடிச்சுட்டாங்க. "அசைக்காம விட்டா தைச்ச நாண் ஒட்டிக்கும்! மத்த கையால மணிக்குப் பத்து தரம் மடக்கி விடுங்க!"

பொத்தான் இல்லாத சட்டை ரெண்டு அனுப்பு. ரூம்ல கூட இருக்கிறவன் தினமும் பொத்தான் போட்டுவிட்டு, கன்னத்தையும் கிள்ளுறான்.

மடக்கும்போதெல்லாம் விரல் யாரையோ "வா, வா"ன்னு கூப்பிடுது. யாரைன்னு கேட்காதே. அடுத்த பத்து தரத்துக்கு மணி ஆயிடுச்சு. மறுபடி கூப்பிட, எழுதற இந்தக் கை வேணும், நிறுத்திக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்