எரியாத மருந்து

4.6.2001, திங்கள்

காலையிலிருந்தே காற்று. பாத்திரக்கடை முழுக்கக் கரிசல் புழுதி. இரண்டு தடவை துடைத்தாயிற்று. வியாபாரம் சுமார்.

சாயங்காலம் நானும் செல்வியும் மகன் கார்த்தியை டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஏழு வயசுப் பிள்ளை, ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் அழுகிறான். முன்தோல் இறுக்கமாம். ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். உடனே வேண்டாமாம். ஒரு களிம்பு எழுதினார்.

மறக்காமல் இருக்க:
- காலை, ராத்திரி. நாலு வாரம். மெல்லிசாக.
- தோலைப் பலவந்தமாக இழுக்கவே கூடாது.
- எரியாது.
- கொஞ்சமும் இளகாவிட்டால்தான் ஆபரேஷன் பேச்சு.

வரும் வழியில் பயல் கேட்டது ஒன்றுதான். "கத்தி வச்சு அறுப்பாவளாப்பா?"

"மருந்து போட்டா அறுக்க மாட்டாவலே. மருந்து எரியவும் செய்யாது" என்றேன்.

5.6.2001, செவ்வாய்

டாக்டர் சீட்டில் பிள்ளை பெயர், வியாதி, எல்லாம் கொட்டை எழுத்தில். அதை பஜாரில் நீட்டினால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும். மருந்துப் பெயரை மட்டும் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

மருந்துக்கடை பால்சாமி, "யாருக்கு அண்ணாச்சி?" என்றார். சத்தமாக. பக்கத்தில் நாலு பேர்.

"எனக்குத்தான். தொடையில படர்தாமரை." வாயில் வந்தது அதுதான்.

"அப்படியா? அப்ப இத விட நல்லதா ஒண்ணு தாரேன்."

வேறு கம்பெனி போல. அத்தனை பேர் நிற்கையில் விவரமா கேட்க முடியும்? பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சட்டையெல்லாம் வேர்வை.

9.6.2001, சனி

மருந்து போட்டதும் "எரியுது, எரியுது" என்று வீட்டுக்குள் ஓடுகிறான். எரியாது என்று டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

செல்வி, "புள்ள பொய்யா சொல்லுதான்? டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள்.

"பள்ளிக்கூடம் தொறந்தாச்சுல்லா, நடிக்கான்."

பேச்சு முற்றிவிட்டது. அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

20.6.2001, புதன்

கரண்ட் பில் கட்டணும். நெளிந்த குடம் மூன்றைத் திருப்பி அனுப்பணும்.

காலையில் போட்ட மருந்தைப் பயல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். இப்படிச் செய்தால் மருந்து எப்படிக் கேட்கும்? அவன் நல்லதுக்குத்தானே மல்லுக்கட்டுகிறேன்! முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை. ராத்திரி மருந்து நேரத்துக்குத் தானே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒருவழியாக வழிக்கு வந்தான்.

இளக்கம் மட்டும் துளிகூட இல்லை. டாக்டர் மேல் எரிச்சல். மருந்து மேல் எரிச்சல். செல்வி வேறு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

2.7.2001, திங்கள்

டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இளகலையே, செவந்து வேற போயிருக்கு. ஒழுங்கா போட்டீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஒரு நேரம் விடல சார். உங்க மருந்துதான் சரியில்ல." டியூபை மேஜையில் வைத்தேன்.

திருப்பிப் பார்த்தார். "இது நான் எழுதினதே இல்லையே. படர்தாமரைக்குப் போடுறது. அந்த இடத்துல பிள்ளைக்கு எரிஞ்சிருக்குமே?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் டாக்டர் மேஜையைப் பார்த்தேன்.

ஒரு வாரம் ஒன்றும் போடக்கூடாது. சிவப்பு ஆறிய பிறகு சரியான களிம்பை முதலிலிருந்து. ஆபரேஷன் பேச்சு இப்போதைக்கு இல்லை.

பால்சாமியைத் திட்டவும் வழியில்லை. படர்தாமரை என்றவனுக்குப் படர்தாமரை மருந்து கொடுத்தார். பயல் நாலு வாரமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். பொய் சொன்னது நான், அடி வாங்கினது அவன். நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. யாரைப் போய் அடிக்க?

9.7.2001, திங்கள்

இன்றும் புழுதிக் காற்று.

மருந்துக்கடையில் கூட்டம். "படர்தாமரை எப்படி இருக்கு அண்ணாச்சி?"

டாக்டர் சீட்டையே நீட்டினேன். "எனக்கு ஒண்ணும் கிடையாது. மவனுக்கு. இதுல இருக்கதையே தாங்க."

வாசித்தார். "எம் பேரனுக்கும் இதாம் போட்டோம். சரியாப் போச்சு" என்று எடுத்துக் கொடுத்தார். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்காகவா நாலு வாரம்!

வீட்டில் டியூபைக் கண்டதும் கார்த்தி தானே வந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். போட்டு முடித்தேன். கண்ணைத் திறக்கவில்லை.

"முடிஞ்சுட்டுலே."

"இன்னும் எரியலயேப்பா."

"இது எரியாது."

"நீங்க அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க."