கட்டைவிரல் பக்கமாக

12 ஆகஸ்ட் 1971, வியாழன்

மாதர் சங்கத்தில் தற்காப்பு வகுப்புக்குப் போகத் தொடங்கி மூன்று வாரமாகிறது. கையைப் பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகத் திருகி விடுபட்டு, அப்படியே அவன் மணிக்கட்டை மடக்க வேண்டும். எனக்கு மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை. கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

இன்று காலை வந்துவிட்டது.

மருமகள் வள்ளி, செவிலிமேட்டில் இருக்கும் அவள் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். அம்மாவுக்குக் காய்ச்சலாம். தறியில் சேலை பாதியில் நிற்கிறது, இப்போது என்ன போக்கு என்று சொல்லித் திரும்பினேன்.

"ஒரே நாள் அத்தே, பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்" என்று என் கையைப் பிடித்தாள். கெஞ்சத்தான் பிடித்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் திருகினேன். சத்தம் போடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இங்கே அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

என் மகன் நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கரையை உடலோடு கோர்க்கும் கோர்வை நாடாவைத் தள்ளுவது அவள்தான். மத்தியானம் தள்ள முடியவில்லை. மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"கைக்கு இன்னா ஆச்சு?" என்றான்.

"கெணத்தாண்ட வழுக்கி வுழுந்துட்டேன்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"பாத்து நடக்க வாணாமா?" என்றேன் நான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் டீச்சர், "வீட்ல பழகிப் பாத்தவங்க கை தூக்குங்கமா" என்பார். இந்த வாரம் நானும் தூக்கலாம். யாரிடம் பழகினீர்கள் என்று அவர் கேட்பதில்லை.