மஞ்சள் தோட்டத்து ஆன்டெனா

ஜூலை 3, 2025. நாமகிரிப்பேட்டை

குழி இன்றும் இருக்கிறது!

தம்பி தனசேகரின் மஞ்சள் தோட்டத்து ஓரத்தில் ஆன்டெனா நட்டு ஒரு மாதம். மலை மறைப்பதால் ரேடியோ இரைச்சல் குறைவு என்றுதான் பெங்களூரை விட்டு இங்கே வந்தேன். பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்து அலை, வரைபடத்தில் சின்னக் குழியாக விழ வேண்டும். இருபது வருடமாகத் தேடுகிறேன். விழுந்திருக்கிறது. ஆனால் அதுதானா?

தனசேகர் எட்டிப் பார்த்தான். "இத்துனூண்டு பள்ளத்துக்கா அக்கா இத்தன வருசம்?"

தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

ஜூலை 6

என்னோடு ஆய்வு செய்யும் பிரபாகர் கட்டுரையை அனுப்பத் துடிக்கிறார். "இந்த மாசம் விட்டா திட்டத்தையே மூடிடுவாங்க மேடம்." உண்மைதான். ஆனால் மண்ணின் ஈரமும் இப்படிக் குழி காட்டும். மண் காய்ந்த பிறகும் இருந்தால்தான் நம்பலாம்.

ஆன்டெனாவை ஒட்டிய பாத்திகளுக்கு மட்டும் தண்ணீர் வேண்டாம் என்று கேட்டேன். "ஆகட்டும்க்கா" என்றான் தனசேகர். நாத்தனார் முறையில் என்னை 'நங்கையா' என்று கூப்பிடும் அவன் மனைவி மஞ்சுளா, குனிந்து பாத்தி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை 12

வெயில் கொளுத்துகிறது. நல்லது.

ஜூலை 17

குழி அப்படியே இருக்கிறது! நாளை அனுப்பிவிடுங்கள் என்று பிரபாகரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 18

இந்த வெயிலில் ஓரத்து மஞ்சள் மட்டும் ஏன் இத்தனை பச்சை? குச்சியால் மண்ணைக் கிளறினேன். ஈரம்.

மஞ்சுளா அழுதுவிட்டாள். "எல சுருண்டு போச்சுங்க நங்கையா. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலீங்க. நீங்க ஊட்டுக்குள்ள இருக்கறப்ப மடையத் தொறந்து உட்டேனுங்க."

கோபம் வந்தது — யார் மேல்? தினமும் அந்த வழியாகத்தானே நடந்தேன்!

பிரபாகரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை.

ஜூலை 19

மஞ்சுளா மண்வெட்டியைக் கொண்டுவந்து என் அறையில் சாத்தினாள். "உங்ககிட்டயே இருக்கட்டுங்க. என்ற கை சும்மா இருக்காது."

ஆகஸ்ட் 2

மண் காய்ந்து வெடித்துவிட்டது. குழி இல்லை. கோடு நேராகப் போகிறது.

பிரபாகரிடம் சொன்னேன். திட்டத்தை மூடிவிடுவார்கள். கொஞ்சம் அழுதேன். ஈரம் எத்தனை ஆழத்தில் இருந்தால் இவ்வளவு கச்சிதமாக நட்சத்திர வேஷம் போடும்? இதை யாராவது கணக்கிட்டிருக்கிறார்களா? அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மண்வெட்டியை எடுத்துப் போய் ஓரத்து மடையை நானே வெட்டினேன். பின்னாலேயே வந்த மஞ்சுளா, சுருண்ட இலைகளைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "குடிங்க சாமி, குடிங்க."