வார் போட்டிருந்தாரா

பெரம்பலூர்
4.8.2025

திரு. சிங்காரவேலு அவர்களுக்கு,

வணக்கம். கோர்ட் சம்மனில் இருந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். நீங்கள் இன்னும் கல்லங்குறிச்சியில்தான் இருக்கிறீர்களா என்று தெரியாது. நான் பாத்திமா மேரி. ஆறு வருடத்துக்கு முன்னால் அரியலூர் ரோட்டில் நீங்கள் ஓட்டிய டிப்பர் லாரி மோதி இறந்துபோன அமல்தாஸின் மனைவி.

சண்டை போட எழுதவில்லை. யாரையாவது கேட்டு உங்கள் போன் நம்பரை வாங்கியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலை இன்னொரு முறை கேட்க என்னால் ஆகாது. அதனால்தான் கடிதம்.

என் மகள் ஷாலினி மேரிக்கு இருபத்திரண்டு வயது. அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்திருக்கிறது. காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். பஸ்ஸில் போ என்று எவ்வளவோ சொன்னேன். கேட்காமல் எலெக்ட்ரிக் பைக் ஒன்றை புக் பண்ணிவிட்டாள். "நூறுக்கு மேல போகும்மா" என்று சிரிக்கிறாள். ஷோரூமில் ஓட்டிக் காட்டினார்கள். சத்தமே இல்லை. கையை முறுக்கியதும் பாய்கிறது. அதில் ஏறி அவள் தினமும் போகப்போவது அதே ரோடு.

போன சனிக்கிழமை ஹெல்மெட் வாங்கப் போனோம். கடைக்காரர் சுரேஷ்குமார் பத்துப் பன்னிரண்டு எடுத்து வைத்தார். தாடை வரைக்கும் மூடுவது, மூடாதது, இழுத்துக் கட்டுகிற வார், க்ளிப் வார் என்று என்னென்னவோ சொன்னார். ஷாலினி என் பக்கம் திரும்பி, "அப்பா போட்டிருந்தது எந்த மாதிரிம்மா?" என்றாள். கையில் எடுத்ததைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டேன். எதுவும் வாங்காமல் வந்துவிட்டோம்.

கோர்ட்டில் நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "அவரு வார் போடல. கீழ விழறதுக்கு முன்னாடியே ஹெல்மெட் கழண்டு பறந்துடுச்சு." தீர்ப்பிலும் அப்படியே எழுதினார்கள். அன்று காலை வாசலில் நின்று, "வாரைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்றுதான் அனுப்பினேன். அந்தச் சின்ன விஷயத்தைக் கூடச் செய்யாமல் போனாரே என்று ஆறு வருடமாக அவர்மேல் கோபமாக இருக்கிறேன்.

அந்த ஹெல்மெட்டைக் கிட்டத்தில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். போலீஸ் அதை எங்களிடம் காட்டவே இல்லை. அது எப்படிக் கழன்றது? தலைக்குப் பெரிதாக இருந்ததா? கொக்கி உடைந்திருந்ததா? இது தெரியாமல் என் மகளுக்கு என்னால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. வண்டி இருபத்தைந்தாம் தேதி வருகிறது.

இப்படிக்கு,
பாத்திமா மேரி


கல்லங்குறிச்சி
11.8.2025

மரியாதைக்குரிய அம்மா அவங்களுக்கு,

சிங்காரவேலு எழுதிக்கிறது. உங்க லெட்டர் வந்துச்சு. பதில் போடாதீங்க, பழசை ஏன் கிளறுறீங்கன்னு எம் பொஞ்சாதி சின்னம்மா சொல்லுது. பொண்ணு விஷயமா கேட்டிருக்கீங்க. போடாம இருக்க மனசு வரல.

நான் இப்ப லாரி ஓட்டுறதில்லைங்க. அந்த வருஷமே விட்டுட்டேன். இங்க பெருமாள் கோயிலுக்கு வர்றவங்களுக்கு வண்டி ஸ்டாண்டு பார்த்துக்கிறேன். தினம் நூறு ஹெல்மெட்டு கைக்கு வருது. எடுத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடும், எது உசிரைக் காக்கும், எது போலீசுக்காகப் போட்டதுன்னு.

பாப்பாவுக்கு முழு முகத்தையும் மூடுறதா வாங்குங்க. கீழ விழறவங்களுக்கு முதல்ல தாடைதான் தரையில படும். ஐஎஸ்ஐ ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க, அதையும் தனியா அச்சடிச்சு ஒட்டுறாங்க. பில்லு குடுக்கிற கடையா பார்த்து வாங்குங்க. உள்ளார விரலை விட்டுப் பாருங்க. துணிக்குப் பின்னால கெட்டியா தெர்மாகோல் மாதிரி இருக்கணும். வெறும் ஸ்பாஞ்சா இருந்தா தொடாதீங்க. உங்க வீட்டுக்காரரோடது அப்படித்தான் இருந்துச்சு. பின்பக்கம் முட்டை ஓடு மாதிரி பொளந்து போச்சு.

மத்தபடி கோர்ட்டுல சொன்னதுதாங்க. வார் போடாததால கழண்டுச்சு. புதுசா சொல்ல ஒண்ணுமில்லை.

பாப்பா நல்லா இருக்கட்டும்.

சிங்காரவேலு


பெரம்பலூர்
18.8.2025

சிங்காரவேலு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு சுரேஷ்குமார் கடைக்குப் போனேன். பெயர் எதையும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தலையில இல்லாம, கழண்டு ரோட்டுல உருண்ட ஹெல்மெட் பின்பக்கம் ரெண்டா பொளக்குமா?"

அவர் ஒரு ஹெல்மெட்டைத் திருப்பிக் காட்டி, "உருண்டா கீறல் விழும், ஓரம் உடையும். பொளக்கணும்னா உள்ள தலை இருந்திருக்கணும்கா" என்றார்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவரைத் துடைத்துக் கொடுத்தபோது, தாடைக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு நீலமாக ஒரு கோடு இருந்தது. காதிலிருந்து காது வரை. அது என்னவென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. நேற்று உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது.

நான் சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறவள். வக்கீல் இல்லை. உங்கள் பதிலை எங்கேயும் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் கேட்கிறேன். அவர் வார் போட்டிருந்தாரா, இல்லையா? ஒரு வரியில் எழுதுங்கள், போதும்.

பாத்திமா மேரி


கல்லங்குறிச்சி
30.8.2025

அம்மா,

போட்டிருந்தாருங்க.

அந்த ஒரு வரியை எழுத எனக்குப் பன்னெண்டு நாள் ஆச்சு. மீதியையும் எழுதிடுறேன்.

அன்னிக்கு நான் லோடு இறக்கிட்டு வெறும் வண்டியா வந்தேன். இருட்டுறதுக்குள்ள இன்னொரு நடை அடிச்சிடணும்னு அவசரம். வளைவுன்னு தெரிஞ்சே பஸ்ஸை முந்துனேன். அவரு குறுக்க வந்தாருன்னு கோர்ட்டுல சொன்னது பொய்யி. அவரு இடப்பக்கம் ஓரமா, அவரு பாதையில சரியாத்தான் வந்தாரு. தப்பு என்னோடது.

விழுந்தவருகிட்ட முதல்ல ஓடுனது நான்தான். தலையில ஹெல்மெட் இருந்துச்சு, வார் இறுக்கமா இருந்துச்சு. மூச்சு வாங்க சிரமப்பட்டாரு. நான்தான் வாரை அவுத்து ஹெல்மெட்டைக் கழட்டினேன். அப்படிக் கழட்டக் கூடாதாம், கழுத்துக்கு ஆபத்தாம். பின்னால ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சது. அதனாலதான் போனாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. கழட்டிக் கையில பார்த்தா பின்பக்கம் பொளந்து கிடக்கு. உள்ள வெறும் ஸ்பாஞ்சு. ரோட்டோரத்துல துணியை விரிச்சு விப்பாங்களே, அந்த ரகம்.

பேசினாரும்மா. "மணி என்னங்க"ன்னு கேட்டாரு. நாலேகால்னு சொன்னேன். திரும்பவும் அதையே கேட்டாரு. திரும்பவும் சொன்னேன். அப்புறம் பேசல.

ஆம்புலன்ஸ் போன பிறகு லாரி ஓனரோட ஆளுங்க வந்தாங்க. ஹெல்மெட் தனியா கிடக்கிறதைப் பார்த்துட்டு, "வார் போடலைன்னு சொல்லிடு, எல்லாருக்கும் நல்லது"ன்னாங்க. சொல்லிட்டேன். என்னை மிரட்டித்தான் சொல்ல வச்சாங்கன்னு இப்ப எழுதலாம். மிரட்டல. ஜெயிலுக்குப் பயந்து நானேதான் சொன்னேன்.

நீங்க எது செஞ்சாலும் சரி.

சிங்காரவேலு


கல்லங்குறிச்சி
3.9.2025

அம்மா,

உங்க பதிலுக்குக் காத்திருக்காம எழுதுறேன். இன்னிக்கு உங்க பொண்ணு இங்க வந்துச்சு. வூட்டுல சொல்லுமோ சொல்லாதோ, உங்களுக்குத் தெரியணும்.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். டோக்கன் எண்ணிக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்து பார்த்தா முன்னாடி ஒரு வண்டி நிக்குது. வந்த சத்தமே காதுல விழல. தலையில ஒண்ணுமில்லை, முடியெல்லாம் பறந்து கலைஞ்சு கிடக்கு. கையில என் லெட்டர். நீங்க பள்ளிக்கூடத்துல இருக்கையில தபால் வந்துச்சாம், பிரிச்சிருக்கு. ஹெல்மெட் வாங்குற வரைக்கும் சாவியைத் தொடக்கூடாதுன்னு நீங்க ஒளிச்சு வச்சதையும் தேடி எடுத்துக்கிட்டு வந்திருக்கு.

"நீதானே சிங்காரவேலு?" அப்படின்னுச்சு. ஆமாம்மான்னேன். கோயிலுக்கு வந்த சனம் மொத்தமும் கேக்கிற மாதிரி, என்னென்ன கேக்கணுமோ எல்லாத்தையும் கேட்டுச்சு. "எங்கப்பாவை வார் போடாத மனுஷன்னு ஊரே பேச வச்சியே!" சின்னம்மா குறுக்க வந்துச்சு. நீ உள்ள போன்னுட்டேன்.

அழுது ஓஞ்ச பிறகு, "மணி கேட்டாருன்னு எழுதியிருக்கியே, நெசமா?"ன்னுச்சு. நெசந்தான்னேன். "அன்னிக்கு எனக்கு நாலரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் விடுவாங்க. கூப்பிட வரேன்னு சொல்லியிருந்தாரு" அப்படின்னு சொல்லிட்டு வண்டியில ஏறிடுச்சு.

நான் முன்னால போய் நின்னுட்டேன். ஹாண்டிலைப் புடிச்சுக்கிட்டேன்.

"விடு."

"வெறுந்தலையோட விட மாட்டேன்மா."

"நீ யாரு எனக்குச் சொல்றதுக்கு?"

"யாருமில்லை. என் மேல ஏத்திட்டுப் போகணும்னா போ. நகர மாட்டேன்."

முறுக்குனா அந்த வண்டி பாயும்னு எனக்குத் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும். கை முறுக்குறதுலயே இருந்துச்சு. எவ்வளவு நேரம் நின்னோம்னு தெரியல. கடைசியில சாவியைத் திருப்பி நிறுத்துச்சு.

வண்டியை ஸ்டாண்டுல விட்டுட்டு, ரெண்டு பேரும் டவுன் பஸ்ஸுல அரியலூர் போனோம். அது முன் சீட்டு, நான் பின்னால. அங்க ஒரு ஹெல்மெட் கடையில கடைக்காரர் நெத்தியைச் சுத்தி டேப்பு வச்சு அளந்தாரு. முதல்ல போட்டது பாப்பாவுக்கு வசதியா இருக்குன்னுச்சு. தலையை ஆட்டச் சொன்னேன். தலை ஒரு பக்கம் திரும்புது, ஹெல்மெட் ஒரு பக்கம் நிக்குது. அடுத்த சைசு சின்னதைப் போட்டுச்சு. கன்னத்தை அழுத்துதுன்னுச்சு. "புதுசுல அப்படித்தான் இருக்கும்மா, கொண்டையை மட்டும் அவுத்துக் கீழ பின்னிக்க"ன்னாரு கடைக்காரர். பின்னிக்கிட்டுப் போட்டதும் அசையாம நின்னுச்சு.

கருப்புதான் வேணும்னுச்சு. நான் வெள்ளையைக் காட்டினேன். முறைச்சுச்சு. சொன்னேன்: "லாரி சீட்டுல உக்காந்து பார்த்தா கருப்பு தாரோட தாராப் போயிடும்மா. உன் வண்டி சத்தமும் போடாது. கண்ணுக்காவது தெரியட்டும்." வெள்ளையையே எடுத்துச்சு. கருப்புக் கண்ணாடி வேணாம், சாயங்காலம் மங்கலாத் தெரியும்னேன். அதையும் மாத்திக்கிச்சு. வாரை அதுவே போட்டு, ரெண்டு விரல் விட்டுப் பார்த்துச்சு. நான் வெளிய பார்த்துக்கிட்டு நின்னேன்.

ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து வண்டியில கிளம்பும்போது, "இதையெல்லாம் நீ பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடணும், எங்கம்மா முன்னாடி"ன்னுச்சு. வரேன்னு சொல்லியிருக்கேன். எங்க, என்னிக்குன்னு எழுதுங்க.

சிங்காரவேலு


பெரம்பலூர்
12.9.2025

சிங்காரவேலு அவர்களுக்கு,

27ஆம் தேதி சனிக்கிழமை, காலை பத்து மணி. பெரம்பலூர் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் நந்தினியின் ஆபீஸ். பழைய கேஸைத் திரும்ப எடுப்பார்களா என்று அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. பொய்ச் சாட்சி சொன்னதற்காக உங்கள்மேல் நடவடிக்கை வரலாம் என்றார். அதை உங்களுக்குத் தெரிவிக்காமல் வரச் சொல்வது நியாயமில்லை. யோசித்து முடிவெடுங்கள்.

பாத்திமா மேரி


பெரம்பலூர்
6.10.2025

சிங்காரவேலு அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தின் நகல் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். உங்களிடமும் இருக்கட்டும் என்று வக்கீல் சொன்னார். மனு தாக்கல் செய்தாயிற்று. சம்மன் வந்தால் வாருங்கள்.

நீங்கள் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தபோது கொஞ்ச நேரம்தான் என்னால் உட்கார முடிந்தது. நீங்கள் வளைவு வரைக்கும் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். படிக்கட்டில் உங்கள் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வேட்டி, சட்டை, துண்டு, மாத்திரை எல்லாம் எடுத்து வந்திருந்தார். அன்றைக்கே உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். "இன்னிக்கு யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்கம்மா" என்றேன். நான் யார் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் வரும்வரை அங்கேயே இருந்தோம்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. வராததை எழுத மாட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றியதால்தான் போனாரா என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஒரு டாக்டரிடம் விசாரித்தேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மூச்சு விடக் கஷ்டப்பட்டவருக்கு மூச்சு விட வழி செய்தீர்கள். அந்த ஒன்றை மட்டும் உங்கள் கணக்கில் தப்பாக நான் வைக்கவில்லை.

ஷாலினி போன திங்கட்கிழமையிலிருந்து வண்டியில் போகிறாள். ஐந்தரைக்குக் கிளம்புகிறாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறாள். அதுவரை அடுப்பைக்கூட நான் பற்றவைப்பதில்லை. அறுபதைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நம்புகிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். என் மகள் உங்களோடு பேச நினைத்தால் பேசட்டும், தடுக்க மாட்டேன்.

உங்கள் மனைவியின் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று படிக்கட்டில் விழுந்து கிடந்தது. பிரஷருக்கு உள்ளது என்று ஷாலினி சொன்னாள். தேடிக்கொண்டிருப்பார். இதே உறையில் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடுங்கள்.

பாத்திமா மேரி