ஒரே தட்டில் என் ஓரம்

இன்று வேர்க்கடலைக் குழம்பு வைத்தேன். பீனட் பட்டரும் தக்காளியும் கொதித்து எண்ணெய் பிரிந்தபோது, டெக்சஸ் பிளானோவில் என் சமையலறை முழுக்க, ஆப்பிரிக்காவில் நாம் தங்கியிருந்த ஃபாத்து வீட்டு முற்றத்தின் வாசனை. மாடியிலிருந்து மகள், "அம்மா, வாட்ஸ் தட் ஸ்மெல்? ஐ லவ் இட்!" என்று கத்தினாள். உடனே, தோழி, உனக்குச் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்துவிட்டேன். நீ போய் ஒரு வருடமாகப் போகிறது, எனக்கு இன்னும் புத்தி வரவில்லை.

கேம்பியாவுக்குப் போகலாம் என்றது நீதான். எனக்கு வேலை போயிருந்த நேரம். "வீட்ல உக்காந்து அப்ளை பண்ணிப் பண்ணி அழாத புள்ள. நான் நாலு மாசம் லீவு போட்டு வாலண்டியர் பண்ணப் போறேன், நீயும் வா" என்றாய். அந்தக் கிராமத்துக் கிளினிக்கில் நீ மருந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டாய். பக்கத்துப் பள்ளியில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நம் இருவருக்கும் ஃபாத்து என்ற பெண்ணின் வீட்டில் ஓர் அறை.

தெருக்குழாய்க்குப் போய்வர ஒரு மணி நேரமாகும், நினைவிருக்கிறதா? தூரம் அதிகமில்லை, விசாரிப்புதான் அதிகம். வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று எதிரே வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் 'அமைதிதான்' என்று சொல்லிவிட்டு, நாமும் அதே வரிசையில் திருப்பிக் கேட்க வேண்டும். நீ நின்று நிதானமாகக் கேட்பாய். நான் வாளியோடு நெளிவேன்.

ஆனால் நான் சறுக்கியது சாப்பாட்டில். முதல் நாள் மதியம் ஃபாத்து ஒரு பெரிய எனாமல் பேசினில் சோறும் குழம்பும் மீனும் கொட்டிப் பாயின் நடுவில் வைத்தாள். நீ, அவள், பிள்ளைகள் என்று சுற்றி உட்கார்ந்தீர்கள். நான் என்ன செய்தேன்? பெட்டியிலிருந்து என் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தேன். எச்சில் பார்த்தே வளர்ந்த உடம்பு, தண்ணீரை அண்ணாந்தே குடிக்கிற குடும்பம். 'ஊரோடு ஒத்து வாழ்' என்று பள்ளி மேடையில் பேசிப் பரிசு வாங்கியவள் வேறு!

மறுநாள் முதல் என் பங்கு மூடி போட்ட கிண்ணத்தில் அறைக்கே வந்தது. வெளியே எல்லோரும் சிரித்துச் சாப்பிடும் சத்தம் கேட்கும். அவள் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஒதுங்கினார்கள். பத்தே நாளில் எனக்கு வெறுத்துவிட்டது.

"டிக்கெட்டை மாத்தப் போறேன். இங்க யாருக்கும் என்னைப் பிடிக்கல."

"அவ என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'என் சோத்துல உன் ஃபிரெண்டுக்கு என்ன சந்தேகம்?'னு கேட்டா."

"ஐயோ, சந்தேகமெல்லாம் இல்ல. எச்சில்..."

"எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? எங்க காயல்பட்டினத்துல ஒரே சஹன் தட்டைச் சுத்தி உக்காந்து சாப்பிடுற மாதிரிதான் புள்ள. உன் முன்னாடி இருக்குற ஓரம் உன்னோடது, வேற யாரு கையும் அங்க வராது. மீனை மட்டும் ஃபாத்து பிச்சு ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுவா. ஒரு நாள் ட்ரை பண்ணு. முடியலன்னா டிக்கெட்டை நானே மாத்தித் தரேன்."

மறுநாள் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கவளத்தை விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினேன். ஃபாத்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெரிய மீன் துண்டாகப் பிய்த்து என் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஏதோ விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் பேச்சைத் தொடர்ந்தாள். கடைக்குட்டி எட்டாத சோற்றுக்காக என் முழங்காலில் சாய்ந்துகொண்டது. வயிறு முட்டச் சாப்பிட்டேன். அதற்குப் பின்னான மூன்று மாதங்களைப்போல் நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அன்று கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடமாக நோன்பு திறக்க உன் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி உட்காருவீர்கள். எனக்கு மட்டும் பீங்கான் தட்டு, நாற்காலி. விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை என்றல்லவா நினைத்திருந்தேன்!

"உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"முதல் வருஷம் இருந்துச்சு. அப்புறம், நீ வந்தா போதும்னு விட்டுட்டேன்" என்றாய்.

திரும்பி வந்தபின் வந்த நோன்பில், பழக்கதோஷத்தில் நீ பீங்கான் தட்டை எடுத்தாய். "எனக்கு வேணாம்" என்றேன். நீ தட்டைத் திரும்ப வைத்துவிட்டு உன் மகளை நகரச் சொன்னாய். அந்த மாதம் முழுக்க, அழைத்த நாள் அழைக்காத நாள் பாராமல் வந்தேன். அடுத்த நோன்பு வருமுன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீடு திரும்பவில்லை.

அந்தப் பதினோரு வருடத்தை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு மாதமாவது கிடைத்ததே என்று மனம் நிறைந்தும் இருக்கிறது. இரண்டும் என்னோடுதான் இருக்கின்றன.

இந்த வருட நோன்புக்கு உன் மகள் கூப்பிட்டாள். டோல்வேயில் டிராஃபிக், நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். என் ஓரத்தை மட்டும் யாரும் தொடவில்லை.